புதுக் காரில் என்ஜின் விளக்கு எரிந்தால்: டெல்டா ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத காரில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தால், எல்லாருக்கும் முதலில் அதை அணைக்கத்தான் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். "பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டுங்க, போயிடும்" என்று தெருவில் ஒருவராவது சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை, பெரும்பாலும் போய்விடும். கூடவே இன்னொன்றும் போகும். கோளாறு எந்த வேகத்தில், என்ஜின் எவ்வளவு சூட்டில் இருந்தபோது வந்தது என்று காரின் கம்ப்யூட்டர் எழுதிவைத்திருந்த குறிப்பும் அழிந்துவிடும். அப்புறம் சர்வீஸ் சென்டருக்குப் போனால், "எங்க ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டலையே சார்" என்று சொல்லி, வண்டியைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தருவார்கள்.

பழைய வண்டி என்றால் செலவு நம்முடையது, எப்படித் தீர்ந்தாலும் சரி. வாரண்டியில் இருக்கும் வண்டியைச் சரிசெய்வது கம்பெனியின் பொறுப்பு. கோளாறு இருந்ததைப் பேப்பரில் ஏற்றுவது நம் பொறுப்பு. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

முதலில் நிறம், அடுத்து துடிப்பு

என்ஜின் படம் போட்ட விளக்கு மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும். சாவியை ஆன் செய்ததும் ஒருமுறை எரிந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைவது இயல்பு. ஓடும்போது எரிந்தால் மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள்.

மஞ்சள் விளக்கு நின்று எரிகிறது, வண்டி எப்போதும்போல் ஓடுகிறது, சத்தமோ வாடையோ இல்லை என்றால் பயப்பட வேண்டாம். அவசரமில்லாமல் வீடு போய்ச் சேரலாம். ஓரிரு நாளில் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். விளக்கு எரிவதோடு வண்டி இழுக்கவும் மறுத்தால், கம்ப்யூட்டரே பாதுகாப்புக்காக என்ஜின் சக்தியைக் குறைத்திருக்கும். அந்த நிலையில் பக்கத்து ஊர் வரை போகலாம், சென்னை வரை போகக் கூடாது.

மஞ்சள் விளக்கு விட்டுவிட்டுத் துடித்தால் கதை வேறு. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பார்களே, அதுதான். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது. வழியில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டர் பழுத்துப்போய் உள்ளே உருகிவிடும். வண்டியில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. உடனே ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள். துடிப்பு நிற்காவிட்டால் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

சிவப்பு விளக்கு, அதாவது எண்ணெய்க் குடுவைப் படமோ தெர்மாமீட்டர் படமோ வந்தால் யோசிக்கவே வேண்டாம். பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்தி அணையுங்கள். "கும்பகோணம் இன்னும் நாலு கிலோமீட்டர்தான்" என்று ஓட்டினால் என்ஜின் போய்விடும். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினீர்கள் என்று சொல்லி வாரண்டியையும் மறுப்பார்கள்.

நிறுத்தும் இடம்: வைக்கோல் மேல் வேண்டாம்

நம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் சாலையோரம் முழுக்க வைக்கோல். பங்குனியில் உளுந்தும் பயறும் பிடுங்கி, வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். சும்மா ஓடும் காரின் கன்வெர்ட்டரே காய்ந்த வைக்கோலைப் பற்றவைக்கும் சூட்டில் இருக்கும். மிஸ்ஸிங் அடித்த வண்டியில் அது இன்னும் கூடுதல். எனவே விளக்கு எரிந்த வண்டியை வெறும் தரையில், மண்ணில், பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிறுத்துங்கள். புல் காய்ந்த வாய்க்கால் கரை வேண்டாம்.

பரப்பிய உளுந்துச் செடி மேல் ஓட்டிக் கொஞ்ச தூரத்தில்தான் விளக்கு எரிந்தது என்றால், வண்டி ஆறிய பிறகு குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். கொடியும் தாளும் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டு, சைலன்சரில் புகையின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஒயரை இழுத்து அறுத்திருக்கலாம். வெளியே தொங்கும் வைக்கோலைக் கையால் எடுத்துவிடலாம். ஒயரைத் தொடாதீர்கள். முதலில் படம் எடுங்கள்.

விளக்கு எரியும்போதே படம்

மீட்டர் முழுவதும் தெரியும்படி ஒரு படம்: விளக்கு, ஓடிய கிலோமீட்டர், சூட்டைக் காட்டும் முள், எரிபொருள் அளவு எல்லாம் அதில் வரட்டும். மிஸ்ஸிங் என்றால் சத்தத்தோடு சின்ன வீடியோ எடுங்கள். அதை வீட்டில் ஒருவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். கூடவே நாலு வரி எழுதுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டா, சூடான பிறகா? மழையா? ஏ.சி. ஓடியதா? கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள்? சாயங்காலம் நினைவிலிருந்து எழுதினால் பாதி மறந்துபோகும்.

சரி, சர்வீஸ் சென்டர் போவதற்குள் விளக்கு தானாக அணைந்துவிட்டால்? அப்போதும் போங்கள். கோளாறு தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தென்படாவிட்டால் கம்ப்யூட்டரே விளக்கை அணைத்துவிடும். ஆனால் கோளாறின் அடையாள எண், 'கோடு' (code) என்பார்கள், கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கும். என்ஜின் ஆறிச் சூடாவது சுமார் 40 முறை கோளாறில்லாமல் நடந்தால்தான் அது அழியும். ஆக, விளக்கு அணைந்து சில நாள் ஆகியிருந்தாலும் ஸ்கேனரில் தடயம் கிடைக்கும்.

பானெட்டைத் திறந்து, கை வைக்காமல் பாருங்கள்

புது வண்டியில் பாகம் தேய்ந்து கோளாறு வருவது அபூர்வம். ஒன்று, தயாரிப்பிலேயே குறை இருக்கும். இல்லையென்றால் வண்டி வீட்டுக்கு வந்த பிறகு ஏதோ நடந்திருக்கும். இரண்டாவதில் நம் ஊரில் முதலிடம் எலிக்கு.

வயலுக்குப் பக்கத்தில் வீடு. அறுப்பு முடிந்ததும் வயலில் தீனி இல்லை. இரவில் சூடாக, இருட்டாக, நாய் நுழைய முடியாத ஓர் இடம் எலிக்கு வேண்டும். பானெட்டுக்கு அடியை விட வசதியான இடம் கிடையாது. மன்னார்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இப்படித்தான் புதுக் கார் மிஸ்ஸிங் அடித்தது. பானெட்டைத் தூக்கினால் பேட்டரித் தட்டில் ஒரு பிடி உமி, பாதி கொறித்த தேங்காய்ச் சில்லு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரில் விரல்நீளத்துக்கு மேலுறை உரிந்து செம்பு பளபளத்தது. "அண்ணே, டேப் சுத்தித் தர்றேன், ரெண்டு நிமிஷம்" என்றான் கூட வந்த பையன். அவர் விடவில்லை. படம் எடுத்து, வண்டியை எடுக்காமல், முதலில் இன்சூரன்ஸுக்குப் போன் போட்டார். அது ஏன் சரியான காரியம் என்பது கீழே வருகிறது.

அடுத்தது வாட்டர் வாஷ். ஆயுத பூஜைக்கு முதல் நாள் பானெட்டைத் திறந்து வேகத் தண்ணீர் அடிப்பார்கள். மறுநாள் சந்தனம், குங்குமம், மாலையோடு விளக்கும் சேர்ந்து எரியும். கனெக்டருக்குள் போன ஈரம்தான் பெரும்பாலும் காரணம். ஒருநாள் நிழலில் காய்ந்தால் போகக்கூடும், கோடு மட்டும் நினைவில் நிற்கும். என்ஜின் மேல் தண்ணீர் அடிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. தூசி இருந்தால் ஈரத்துணி போதும்.

மூன்றாவது, வெளியில் பொருத்திய சாமான்கள். புது வண்டி வந்த வாரமே ஹார்ன், ஃபாக் லைட், பெரிய ஸ்டீரியோ, கேமரா என்று கடைக்குப் போய்விடுகிறோம். கடைக்காரர் ஒயரை வெட்டி இணைத்திருந்தால், அந்த இணைப்பு தளர்ந்து வேறு எங்கோ கோளாறு காட்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றுக்குப் பயந்து அடிப்பக்கத்துக்குக் கோட்டிங் அடிப்பதும் வழக்கம். அடிக்கும்போது ஆக்சிஜன் சென்சாரையும் கனெக்டர்களையும் மூடிவிட்டு அடித்தார்களா என்று கேளுங்கள்.

பேட்டரி: ஒரே நேரத்தில் என்ஜின், ஸ்டீயரிங், பிரேக் என்று வரிசையாக எல்லா விளக்கும் எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஷோரூம் யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்று இணையமெங்கும் எழுதியிருக்கிறது. அது அமெரிக்காவில் விற்கும் கார்களுக்குப் பொருந்தும். அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று கார் தானே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நம் விதிகள் ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவை, அந்தக் கசிவுச் சோதனை கட்டாயமில்லை. மூடியை ஒருமுறை திருகிப் பார்ப்பதில் செலவில்லை. அதையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கூலன்ட் அளவை டப்பாவின் வெளியிலிருந்தே பார்க்கலாம். என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

டீசல் வண்டியா? தனியாகப் படியுங்கள்

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அதன் இரண்டாம் கட்டம். சாலையில் ஓடும்போது வரும் புகையையும் கணக்கில் எடுத்தார்கள். அதனால் புது டீசல் வண்டிகள் தங்கள் புகையைத் தாங்களே தொடர்ந்து கண்காணிக்கின்றன. முன்பெல்லாம் கரும்புகை விட்டுக்கொண்டே ஓடியிருக்கும் கோளாறுக்கு இப்போது விளக்கு எரியும்.

இதில் டெல்டாவுக்கு ஒரு சிக்கல். டீசல் வண்டியின் சைலன்சர் வழியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அதற்குப் புகை சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும், கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். நாமோ வீட்டிலிருந்து வயல், வயலிலிருந்து உரக்கடை, அங்கிருந்து கொள்முதல் நிலையம் என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓட்டுகிறோம். எரிக்க ஆரம்பிக்கும்போதே சாவியை அணைத்துவிடுகிறோம். கரி சேர்ந்துகொண்டே போகும்.

டி.பி.எஃப். விளக்கு மட்டும் எரிந்தால், அதாவது பெட்டிக்குள் புள்ளிகள் இருக்கிற படம் வந்தால், நல்ல சாலைக்கு எடுத்துப் போங்கள். தஞ்சாவூரிலிருந்து வல்லம் தாண்டித் திருச்சி வரை நான்குவழிச் சாலை இருக்கிறது. மணிக்கு 60, 70 வேகத்தில் 20 நிமிடம் சீராக ஓடினால் பல வண்டிகளில் அணைந்துவிடும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம் என்பது கையேட்டில் இருக்கும். அதையே பின்பற்றுங்கள். கரி எரிந்துகொண்டிருக்கும்போது ஐட்லிங் கொஞ்சம் ஏறும், நிறுத்திய பிறகும் ஃபேன் சுற்றும், சுட்ட வாடை வரும். இது இயல்பு. அப்போதும் வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள்.

டி.பி.எஃப். விளக்கோடு என்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் இந்த வைத்தியம் வேண்டாம், நேராக சர்வீஸ் சென்டர். போவதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பாதியில் நின்ற எரிப்புகளால் டீசல் ஆயிலில் இறங்கி, அளவு மேல்கோட்டைத் தாண்டியிருக்கலாம். தாண்டியிருந்தால் ஓட்டாமல் தூக்கிப்போகச் சொல்லுங்கள்.

பல டீசல் வண்டிகளில் நீல மூடி போட்ட இன்னொரு டேங்க் இருக்கும். புகையைச் சுத்தம் செய்ய அதில் ஊற்றுவது 32.5 சதவீதம் யூரியாவும் மீதி சுத்திகரித்த நீரும் கலந்த திரவம். அது தீரப்போனால் இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான் என்று மீட்டர் எண்ணத் தொடங்கும். பூஜ்யத்துக்கு வந்த பிறகு அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. "நம்ம கொட்டகைல 45 கிலோ மூட்டை கிடக்குதே, ஒரு கை அள்ளிக் கரைச்சு ஊத்துவோமே" என்று யோசிப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். வேண்டாம் ஐயா. உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து அந்தத் திரவத்தைப் பீய்ச்சும் ஊசித் துளையையும் வினையூக்கியையும் அடைத்துவிடும். அந்தச் செலவை எந்த வாரண்டியும் ஏற்காது.

ஸ்கேனர்: படிக்க மட்டும்

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. போனில் ஒரு செயலி போட்டால் கோடு தெரியும். வாங்கலாமா? வேதாரண்யம், முத்துப்பேட்டை மாதிரி சர்வீஸ் சென்டர் தொலைவாக இருக்கும் ஊர்க்காரர்கள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. படிப்பதால் வாரண்டி போகாது. 'அழி' என்ற பொத்தானை மட்டும் தொடக் கூடாது. கோடு வரும் பக்கத்தையும், கோளாறு வந்த நொடியின் விவரங்கள் வரும் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்தால் பேட்டரியைக் குடிக்கும்.

அடிக்கடி வருபவை சில. பி0300 என்றால் பல சிலிண்டரிலும் மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை, எந்த சிலிண்டர் என்பதைக் கடைசி எண் சொல்லும். பி0171 காற்று கூடுதலாக, பெட்ரோல் குறைவாகப் போகிறது என்பது. பி0420 கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. பி0562 மின்னழுத்தம் குறைவு. பி2463 டீசல் வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டது. 'யூ' என்று தொடங்கினால் கம்ப்யூட்டர்களுக்கு இடையே பேச்சு அறுந்திருக்கிறது, ஒயரையோ பேட்டரியையோ பார்க்க வேண்டும்.

கோடு நோயின் அறிகுறியைத்தான் சொல்லும். எந்த பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி0171 வந்ததும் சென்சாரை மாற்றச் சொல்பவரை நம்பாதீர்கள். எலி கடித்த ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுந்தாலும் அதே கோடுதான் வரும்.

எப்படிக் கொண்டுபோவது

நின்று எரியும் மஞ்சள் விளக்கோடு ஓட்டிப் போகலாம், 60, 70 தாண்டாமல். துடித்தால், சிவப்பு எரிந்தால், சக்தி அறவே இல்லாமல் போனால் சாலை உதவியைக் கூப்பிடுங்கள். புது வண்டியோடு பெரும்பாலும் அந்தச் சேவை வந்திருக்கும். எண் வாரண்டிப் புத்தகத்திலோ கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். இப்போதே போனில் பதிந்துவையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 அழைக்கலாம்.

பக்கத்து வயல் டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பது நம் ஊர் உபகாரம். மேனுவல் வண்டியைச் சேற்றிலிருந்து சாலைக்கு ஏற்றுவது வரை சரி. ஆட்டோமேட்டிக் வண்டியைச் சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்தால் கியர்பாக்ஸ் கெடும். முழுவதும் தூக்கிவைத்துப் போகும் வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துச் சாலையில் ஓடும் தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டுப் போன் போடுங்கள். என்ஜின் பாதுகாப்புக்கென்று தனி ஆட்-ஆன் எடுக்காத பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் வாங்குவது கடினம். டெல்டாவில் கார் வைத்திருப்பவர் அதை எடுக்காமல் இருப்பது சிக்கனம் ஆகாது.

ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

வண்டியை விடும்போது கோளாறை எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்கும் சீட்டுதான் ஜாப் கார்டு. சர்வீஸ் அட்வைசர் டேப்லெட்டில் வேகமாகத் தட்டுவார்: 'செக் லைட், ஜெனரல் செக்கப்'. அதோடு கையெழுத்துப் போட்டால், பின்னால் அந்தக் காகிதத்தால் எதையும் நிரூபிக்க முடியாது. "தம்பி, ஒரு நிமிஷம், நான் சொல்றதை அப்படியே போடுங்க" என்று கேளுங்கள். இப்படி இருக்க வேண்டும்: 'இந்தத் தேதியில், இத்தனை கிலோமீட்டரில், காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ஜின் விளக்கு துடித்தது, வண்டி உதறியது, படம் வாடிக்கையாளரிடம் இருக்கிறது.' முகம் சுளிப்பார். பரவாயில்லை. எழுதிய பிறகு வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், நகல் வாங்குங்கள்.

அழிப்பதற்கு முன் கோடுகளைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். "சிஸ்டம்ல பிரிண்ட் வராது சார்" என்றால் ஸ்கேனர் திரையைப் படம் எடுக்கிறேன் என்று சொல்லுங்கள். இதற்கு மறுப்பு சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. குளிர்ந்த என்ஜினில் மட்டும் வரும் கோளாறு என்றால், இரவு வண்டியை அங்கேயே விட்டுக் காலையில் அவர்களையே ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். மதியம் சூடாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் சமர்த்தாகத்தான் ஓடும். விடும்போதும் எடுக்கும்போதும் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்ப எடுக்கும்போது என்ன மாற்றினார்கள், என்ன சோதித்தார்கள் என்பது பில்லில் இருக்க வேண்டும், தொகை பூஜ்யமாக இருந்தாலும். "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம்" என்றால் அதையும் பதிப்பு எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். பல நேரம் அதுவே சரியான தீர்வுதான். சில நேரம் வேறு ஒன்றும் தெரியாதபோது செய்வது. எது என்பது விளக்கு திரும்ப வருகிறதா என்பதில் தெரியும். கிளம்பும் முன் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். என்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கையே செத்துப்போகச் செய்திருக்கிறார்கள், வண்டியை எடுக்காதீர்கள்.

உங்கள் வண்டி வரிசைக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். கம்பெனி இணையதளத்திலும் பார்க்கலாம். இருந்தால் வேலை இலவசம், வாக்குவாதமும் மிச்சம்.

'இது வாரண்டியில் வராது சார்'

எலிக்கடி வெளிச் சேதம், வாரண்டியில் வராது. அது நியாயம்தான். அங்கே கை கொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ். பாலிசிக்குப் பாலிசி விதி மாறும். எல்லாவற்றிலும் பொதுவானது, ஒயரைத் தொடும் முன் தகவல் சொல்வதும் சர்வேயர் பார்ப்பதும். மன்னார்குடிக்காரர் டேப் சுற்றவிடாதது இதற்காகத்தான். டேப் சுற்றிய ஒயரில் எலிப்பல் தெரியாது.

'பெட்ரோல் சரியில்லை' என்பது இன்னொரு பதில். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் பாகங்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஆகவே எத்தனால் மேல் மட்டும் பழி போட்டால் ஏற்க வேண்டாம். டேங்கில் தண்ணீர் புகுந்திருந்தால் அது வேறு: எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், வண்டி திணறும். அப்படியென்றால் டேங்கிலிருந்து எடுத்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் என் முன்னால் காட்டுங்கள் என்று கேளுங்கள். பிரிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். அப்போது சண்டை பங்க்கோடு. அதற்குத்தான் பெட்ரோலுக்கு யூ.பி.ஐ.யில் பணம் கட்டுங்கள் என்பது, எந்த பங்க், எந்த நாள் என்று சாட்சி இருக்கும்.

வெளியில் பொருத்திய ஹார்னைக் காட்டி மொத்த வாரண்டியும் போச்சு என்று சொல்பவரிடம், அந்த ஒயருக்கும் இந்தக் கோளாறுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள். தொடர்பு இருந்தால் எழுதித் தருவார்கள். இல்லையென்றால் பேச்சு மாறும்.

திரும்பத் திரும்ப வந்தால்

ஒரே கோளாறு மூன்றாவது முறை வரும்போது கவுன்ட்டரில் பேசுவதை நிறுத்திவிட்டு மின்னஞ்சலுக்கு மாறுங்கள். ஷோரூமுக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல். எல்லா ஜாப் கார்டும், படமும், தேதி வரிசையும் அதில் இருக்கட்டும். கோபம் வேண்டாம், தேதிகளே போதும். கம்பெனியின் பகுதிப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வாரண்டி முடியும் தறுவாயில் இருந்தால், இந்தக் கோளாறு வாரண்டிக் காலத்திலேயே பதிவானது என்று ஒரு வரி சேருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் போட்டதும் கம்பெனியிலிருந்து போன் வருவது பல நேரம் நடக்கிறது.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஷோரூம் திருச்சியில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணைய வழியாகவும் பதியலாம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வண்டி அரிசி ஆலை பெயரிலோ கடை பெயரிலோ இருந்தால், வணிகத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்ட வாங்கியவருக்கு விலக்கு உண்டு. இன்னொன்று, எதைக் கேட்பது. புது வண்டியோ முழுப் பணமோ வேண்டும் என்றால் தயாரிப்பிலேயே குறை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும், நிபுணர் அறிக்கை தேவைப்படும், காலம் இழுக்கும். கோளாறான பாகத்தை மாற்றித் தரவும், வாரண்டியை நீட்டிக்கவும், அலைந்ததற்கு இழப்பீடும் கேட்டால் ஜாப் கார்டுகளே பாதி வேலையைச் செய்துவிடும். மனுவில் முதலில் பெரியதையும், அது முடியாவிட்டால் என்று சொல்லி அடுத்ததையும் சேர்த்தே எழுதலாம்.